சொந்தக் கையால் வீட்டைப் புதுப்பிக்கும் தம்பதியருக்கு



மழை ஓய்ந்து அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் மும்பையில் வாழும் நம் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். கூடத்துச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. குளியலறையை ஒட்டிய சுவரில் பூச்சு பொரிந்து உதிர்கிறது. சமையலறை மூலையில் கரும்பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. மிஸ்திரியை அழைத்துக் காட்டினால் அவர் சொல்லும் தொகையைக் கேட்டுக் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள். "நாமே செய்துகொண்டால் என்ன?" என்ற எண்ணம் அந்த வேளையில்தான் பிறக்கிறது.

நல்ல எண்ணமே. சுரண்டுதல், பட்டி பார்த்தல், வர்ணம் பூசுதல், குழாய் வாஷர் மாற்றுதல், கதவு ஜன்னலைச் சீர்செய்தல் ஆகியவற்றில் பொருளுக்கு ஆகும் செலவைவிடக் கூலிக்கு ஆகும் செலவே பல வேளைகளில் மிகுதி. அதை மிச்சப்படுத்த இருவருக்கும் இரண்டு கைகளும், ஞாயிறு நீங்கலாகச் சில மாலை வேளைகளும் போதும். ஆனால் எந்த வேலை உங்களுடையது, எந்த வேலை உங்களுடையதல்ல என்பதை முதல் நாளிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

நம்மில் பலருடைய வீடு எவ்வளவு பெரியது என்பதையும் மறக்கலாகாது. குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தோருக்காக 1995இல் மும்பையில் தொடங்கிய மறுவாழ்வுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு முதலில் 225 சதுர அடி கொடுக்கப்பட்டது. பின்னர் அது 269 ஆயிற்று. அதன்பின் 300 ஆக உயர்ந்தது. சால் வீடுகளில் இதனினும் குறைவு. இவ்வளவு இடத்துக்குள் சிமெண்ட் மூட்டையும், பிள்ளைகளின் புத்தகப் பையும், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரின் கட்டிலும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். ஆகையால் வேலையை அறை அறையாகவே செய்யுங்கள். ஓர் அறையை முற்றிலும் முடித்து, பொருள்களை அதில் அடுக்கி, அதில் உறங்கவும் செய்த பின்னரே அடுத்த அறைச் சுவரில் உளி படட்டும். ஒரே நாளில் நான்கு சுவர்களையும் சுரண்டிவிட்டு, இரண்டு மாதம் சுண்ணாம்புத் தூசியில் சமைத்து உண்ட குடும்பங்கள் எத்தனையோ உண்டு.

தொடக்கூடாதவை

தூண், உத்திரம், தளம் இவற்றில் உங்கள் உளி படவே கூடாது. 2017 ஜூலை 25 அன்று காட்கோபரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து 17 பேர் மாண்டனர். தரைத்தளத்தில் புதுப்பிப்பு வேலை நடந்தபோது தூண்கள் சேதப்படுத்தப்பட்டன என்பதே அவ்வழக்கில் எழுந்த குற்றச்சாட்டு. ஒரு வீட்டுக்காரர் தம் வீட்டை விசாலமாக்க எடுக்கும் தூணின்மேல் மற்ற எல்லா வீடுகளும் நிற்கின்றன. "இது வெறும் தடுப்புச் சுவர்தான்" என்று மிஸ்திரி உறுதியாகச் சொன்னாலும் அவர் சொல்லை ஏற்காதீர்கள். அதைச் சொல்லத் தகுதியுள்ளவர் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரே. பழைய கட்டடங்களில் செங்கல் சுவரே பாரத்தைத் தாங்கும். அங்கே தூண் என்று தனியாக ஏதும் கண்ணுக்குத் தெரியாது. முப்பது ஆண்டு கடந்த கட்டடங்களுக்கு மும்பையில் உறுதி ஆய்வு கட்டாயம். உங்கள் கட்டடத்தின் அறிக்கை சொசைட்டி அலுவலகத்தில் இருக்கும்; வேலை தொடங்குமுன் கேட்டுப் பாருங்கள். சிறு வேலையாயினும் சொசைட்டிக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.

மின்கம்பி இழுத்தல், மீட்டர்ப் பெட்டி, சமையல் எரிவாயுக் குழாய் ஆகியவையும் உங்கள் வேலையல்ல. உரிமம் பெற்ற மின்பணியாளருக்கும் எரிவாயு முகவர் அனுப்பும் ஆளுக்கும் உரியவை அவை. அவர்கள் வந்து வேலை செய்கையில் அருகில் நின்று கவனிப்பது உங்கள் உரிமை.

வாடகை வீட்டில் இருப்போருக்கு ஒரு வார்த்தை. பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்கள் வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஆணிகூட அடிக்க வேண்டாம். சம்மதம் கிடைத்தாலும் வர்ணத்தோடும், போகும்போது கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய அலமாரிகளோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறர் வீட்டுக்கு டைல்ஸ் பதித்துக் கொடுத்துவிட்டு மறு ஆண்டே வீடு மாறியவர்களை எல்லாச் சபைகளிலும் காணலாம்.

முதலில் நீர், பிறகு சுவர்

மும்பையில் ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டிவிடுகிறது. அந்த நீரைக் குடித்த சுவர் உலர வாரக்கணக்கில் ஆகும். அக்டோபரிலேயே அவசரப்பட்டு வர்ணம் பூசினால் ஜனவரியில் அது குமிழ் விட்டு உரியும். சுரண்டும் வேலையை நவம்பரில் தொடங்கி, பூசும் வேலையைப் பிப்ரவரிக்குள் முடிப்பதே மேல்.

ஓதத்துக்குக் காரணம் எது என்று கண்டறிவதற்கு முன் ஒரு கிலோ பட்டிகூட வாங்க வேண்டாம். லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரில் தோன்றும் தோஷத்தைப் பற்றிய பிரமாணம் இருப்பதை நீங்கள் வாசித்திருப்பீர்கள். ஆசாரியன் வருமுன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பச்சையாகவோ சிவப்பாகவோ தோன்றும் இடம் சுவரின் மேற்பரப்பைவிட ஆழமாய் இருக்கிறதா என்று அவன் பார்ப்பான். ஏழு நாள் வீட்டை அடைத்து வைத்து மறுபடியும் பார்ப்பான். பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, உட்புறமெங்கும் சுரண்டி, வேறு கல்லும் வேறு சாந்தும் கொண்டு பூசுவார்கள். அதற்கு ஆவிக்குரிய விளக்கங்கள் கூறப்படுவதைக் கேட்டிருக்கிறோம். கட்டட வேலை செய்பவன் கண்ணோடு வாசித்தாலும் அந்த வரிசை சரியானதே: காலி செய், பார், காத்திரு, மறுபடி பார், அதன்பின் சுரண்டு. நம்மவர்களோ முதல் நாளே வர்ணக் கடைக்குப் போய்விடுகிறோம்.

ஆகையால் ஓதம் படிந்த இடத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். ஏழு நாள் கழித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் வளர்ந்து கோடையில் காய்ந்துவிடுமானால், நீர் வெளிச்சுவரின் விரிசல் வழியாகவோ ஜன்னல் விளிம்பு வழியாகவோ வருகிறது. ஆண்டு முழுவதும் வளர்ந்துகொண்டே இருந்தால் மேல்வீட்டுக் குளியலறையையோ சுவருக்குள் செல்லும் குழாயையோ சந்தேகியுங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை மட்டும் ஈரமாயிருந்து, வெண்மையாய் உப்புப் பூத்திருந்தால் அது பூமியிலிருந்து ஏறும் ஈரம். தரைத்தள வீடுகளிலும் சால்களிலும் இதையே காண்கிறோம்.

காரணம் தெரிந்தால் பொறுப்பும் தெரியும். மகாராஷ்டிர சொசைட்டிகளுக்கான மாதிரித் துணைவிதிகளின்படி, மொட்டைமாடி, வெளிச்சுவர், பொதுக்குழாய் இவற்றின் வழியே வரும் கசிவைச் சீர்செய்வது சொசைட்டியின் செலவு. குளியலறை, சிங்க் இவற்றிலிருந்து கசிவதை அந்தந்த வீட்டாரே சரிசெய்ய வேண்டும். உங்கள் கூரையில் சொட்டுவது மேல்வீட்டு நீர் என்றால், உங்கள் பக்கம் எத்தனை முறை பூசினாலும் பயனில்லை. மேல்வீட்டாரோடு அமைதியாய்ப் பேசுங்கள். தேதியிட்ட அந்தப் பென்சில் கோடு அப்போது உதவும்.

குளியலறை

அறைகளில் இதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கசிந்தால் மற்ற அறைகளில் செய்யும் வேலை யாவும் வீண். சால் வீடுகளில் மூலையிலிருக்கும் மோரிக்கும் இது பொருந்தும்.

டைல்ஸ் உறுதியாயிருந்து, அவற்றின் இணைப்புகள் மட்டும் கறுத்து உதிர்ந்திருந்தால் அதை நீங்களே செய்யலாம். பழைய இணைப்புக் கலவையைக் கூர்மையான கரண்டியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி எடுத்து, தூசியைத் துடைத்து, நீர்புகாத புதிய கலவையை ரப்பர்ப் பட்டையால் அழுத்தி நிரப்புங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அழுக்கோடு இணைப்பிலுள்ள சிமெண்டையும் அது அரித்துவிடுகிறது. பல வீடுகளில் கசிவு தொடங்குவதே இப்படித்தான். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் ஒன்றாய்ச் சேர்க்காதீர்கள். அவ்விரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும்பும். காற்றோட்டமற்ற சிறு குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

தரையையே பெயர்க்க வேண்டிய நிலை வந்தால் அனுபவமுள்ள கொத்தனாரை அமர்த்துங்கள். கூலி மிச்சம் பிடிக்கும் இடம் இதுவன்று. ஆனால் மூன்று காரியங்களை நீங்கள் நின்று பார்க்க வேண்டும். நீர்த்தடுப்புப் பூச்சு தரையோடு நின்றுவிடாமல் சுவரில் குறைந்தது ஓரடி உயரம் ஏற வேண்டும். நீர் விழும் சுவரில் இன்னும் உயரமாக ஏறட்டும். நஹானி டிராப்பின் கழுத்தைச் சுற்றியும், சுவரும் தரையும் சேரும் மூலைகளிலும் பூச்சு தடையின்றி இருக்க வேண்டும். கசிவில் பெரும்பகுதி இவ்விரு இடங்களில்தான். அடுத்தது வாட்டம். நீர் வடியும் துளையை நோக்கி மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை தரை சரிய வேண்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு கோலிக்குண்டை உருட்டியும் பார்க்கலாம்.

டைல்ஸ் பதிப்பதற்கு முன், நீர்த்தடுப்புப் பூச்சு நன்றாய் உலர்ந்ததும், துளையை அடைத்து ஓரங்குலம் நீர் தேக்குங்கள். மட்டத்தைச் சுவரில் குறித்து 48 மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். அந்த இரண்டு நாளும் கீழ்வீட்டாரின் கூரையைப் போய்ப் பார்த்து வாருங்கள். "அதெல்லாம் வேண்டாம், நான் இருபது வருஷமாய்ச் செய்கிறேன்" என்று கொத்தனார் சொல்லுவார். அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது. அந்த வீட்டில் குடியிருக்கப் போவது நீங்கள். சோதனை முடியும் வரை முழுத் தொகையைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த இரண்டு நாள் குளிப்பதற்கு அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. நம் கட்டடங்களில் இத்தகைய உதவிக்கு இதுவரை பஞ்சமில்லை.

வெந்நீர்க் கருவி வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 3 கிலோவாட் உடனடி வெந்நீர்க் கருவி ஏறத்தாழ 13 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதற்குத் தனிக் கம்பியும் 16 ஆம்பியர் பிளக்கும் எர்த் இணைப்பும் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்திவிடும் ஆர்.சி.சி.பி. என்ற கருவி உங்கள் மீட்டர்ப் பெட்டியருகே இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கேளுங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் அது அணைய வேண்டும். இக்கருவி இல்லாத வீட்டில் புதிய டைல்ஸுக்குச் செலவிடும் முன் இதற்குச் செலவிடுங்கள்.

சமையலறை

சகோதரரே, சமையல் மேடையின் உயரத்தை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். அங்கே நிற்கப் போகிறவரை நேராய் நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கி, அதற்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே கோடு கிழியுங்கள். அதுவே மேடையின் உயரம். கொத்தனார் வழக்கமாய்க் கட்டும் ஓர் உயரம் உண்டு. அதில் ஐந்தடிக்கும் குறைந்த உயரமுள்ள பெண்மணி இருபது வருடம் தோளை உயர்த்தியபடியே தோசை வார்ப்பார். இருவரும் சமைக்கும் வீடானால் அதிக நேரம் நிற்பவருக்கு ஏற்றபடி அமையுங்கள்.

மேடைக்குக் கடப்பாக்கல் மலிவு. ஆனால் அது சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்தது. புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் பட்டால் தழும்பு விழும். நம் சமையலில் புளி இல்லாத நாள் ஏது? இயன்றால் கிரானைட் போடுங்கள். இயலாவிட்டால் கடப்பாக்கல்லைப் போட்டுவிட்டு உடனுக்குடன் துடைக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மேடையின் கீழ் மர அலமாரி செய்வதானால், சிங்கின் அடிப்பகுதிக்காவது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ஒட்டுப்பலகை வாங்குங்கள். கொதிநீரையும் தாங்கும் தரம் அது. அலமாரியின் மற்ற பகுதிக்கு ஐ.எஸ். 303 போதும். கடைக்காரர் வாய்மொழியாய்ச் சொல்வதை ஏற்காமல் பலகையின் மேலுள்ள முத்திரையைப் படித்துப் பாருங்கள்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஆகையால் உருளையை அலமாரிக்குள் வைத்து அழகாய்க் கதவு போடும்போது, அந்தக் கதவின் அடிப்பகுதியில் காற்று வெளியேற இடைவெளி விட மறவாதீர்கள். உருளை நிமிர்ந்தபடி தரையில் நிற்க வேண்டும். அடுப்பு அதற்கு மேல்மட்டத்தில் இருக்க வேண்டும். சுரக்ஷா குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; அதன்மேல் அச்சிட்டிருக்கும் ஆண்டை இன்றைக்கே பாருங்கள். புதுப்பிக்கும் நாட்களில் உளியும் துளைப்பான் கருவியும் இயங்கும்போது ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

கூடம்

நம் வீடுகளில் கூடம் பல வேலைகளைச் சுமக்கிறது. பகலில் பிள்ளைகளுக்குப் பாடசாலை; வெள்ளிக்கிழமை மாலை ஜெபக்கூட்டத்துக்கு வரும் இருபது பேர் நெருங்கி அமரும் இடம்; இரவில் படுக்கை. இங்கே தரை முக்கியம். அதனாலேயே பெரும்பாலோர் பழைய மொசைக் தரையின்மேல் புதிய டைல்ஸ் பதிக்க ஆசைப்படுகிறார்கள்.

அதற்குமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய தரையின்மேல் இரண்டு அங்குலம் கனத்தில் சிமெண்ட் கலவை பரப்பி டைல்ஸ் பதித்தால், அந்தக் கலவை மட்டும் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடை வரும். பத்தடிக்குப் பத்தடி கூடம் 9.3 சதுர மீட்டர். அப்படியானால் தொள்ளாயிரம் கிலோவுக்கு மேல் பாரத்தை நாற்பது வருடத் தளத்தின்மேல் நிரந்தரமாய் ஏற்றுகிறீர்கள். நான்கு மாடியிலும் நான்கு குடும்பங்கள் இதையே செய்தால் என்ன ஆகும்? பழைய தரை உறுதியாயிருந்தால், அதை உரசிச் சொரசொரப்பாக்கி, சில மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுக் கலவையால் மெல்லிய டைல்ஸைப் பதிக்கலாம். எடை வெகுவாய்க் குறையும். அதைவிடவும் எளிய வழி, இருக்கும் மொசைக்கையே இயந்திரம் வைத்துத் தேய்த்து மெருகேற்றுவது. பழைய மொசைக் பலவும் இன்றைய மலிவான டைல்ஸைவிட நீடித்து உழைப்பவை என்பது எமது கருத்து.

பெயர்த்த இடிபாடுகளை இரவோடு இரவாக நாலாவில் கொட்டும் வழக்கம் சிலரிடம் உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது கழுத்தளவு நீரில் நின்றவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அடைபட்ட சாக்கடை என்ன செய்யும் என்று அவர்களைக் கேளுங்கள். மூட்டையில் கட்டி, மாநகராட்சி ஏற்பாட்டின்படி அகற்றுங்கள்.

சுவரில் அலமாரி மாட்டத் துளையிடுகையில், சுவிட்ச் பலகைக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிட வேண்டாம். உள்ளே கம்பி அவ்வழியே செல்லும். தாழ்வாரத்துக்கோ கூரைக்கோ கல்நார்த் தகடு போட்டிருந்தால் அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு.

படுக்கையறையும் வர்ணமும்

படுக்கையறை தனியாக உள்ளவர்களுக்கு அங்கே பெரிய வேலை இராது, வர்ணம்தான். ஆனால் குழந்தையின் உடல்நலத்தைப் பொறுத்தவரை மிகவும் கவனமாயிருக்க வேண்டிய வேலை இதுவே.

வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய வர்ணம், சிறப்பாகக் கதவு, ஜன்னல், இரும்புக் கம்பிகளில் பூசிய பளபளப்பான எனாமல், ஈயம் மிகுந்ததாய் இருக்கக்கூடும். அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் எழும் தூசி தரையில் படியும். தவழும் குழந்தை கையில் ஒட்டிக்கொண்டு வாயில் போய்ச் சேரும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆகையால் பழைய வர்ணத்தைச் சுரண்டும் நாட்களில் கர்ப்பிணியான மனைவியும் சிறு பிள்ளைகளும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம். உறவினர் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். தரையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, சுவரையும் மரத்தையும் நீர் தெளித்து ஈரமாக்கி, ஈரத்தோடே சுரண்டுங்கள். நெருப்பால் சுட்டு உரிக்க வேண்டாம். கைக்குட்டை கட்டிக்கொள்வது போதாது. கொரோனா காலத்தில் நாம் பழகிய என்95 முகக்கவசம் அணியுங்கள். பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலை உடையைத் தனியாய்த் துவையுங்கள். உறுதியாய் ஒட்டியிருக்கும் பழைய வர்ணத்தைச் சுரண்டாமல் அதன்மேலேயே பூசிவிடுவது பல வேளைகளில் பாதுகாப்பான வழி.

இனி அளவு. பத்தடிக்குப் பத்தடி அறையின் நான்கு சுவர்களும் சேர்ந்து 40 அடி. ஒன்பதடி உயரம் என்றால் 360 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 50 கழித்தால் 310. இரண்டு பூச்சுக்கு 620. லிட்டருக்கு ஏறத்தாழ 110 முதல் 120 சதுர அடி வரும் என்று வைத்துக்கொண்டால், ஐந்திலிருந்து ஆறு லிட்டர் எமல்ஷன் போதும். கடைக்காரர் பத்து லிட்டர் வாளியைக் காட்டுவார். இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். புதிதாய்ப் பூசிய சிமெண்ட் பூச்சை ஏழு நாள் நனைத்து, பிறகு நான்கு வாரமாவது உலரவிட்ட பின்னரே வர்ணம் பூச வேண்டும்.

நிறத்தைப் பற்றிக் கணவன் மனைவிக்குள் பிணக்கு வராத வீடு இராது. அட்டையிலுள்ள சிறு சதுரத்தைப் பார்த்து வாதாடாதீர்கள். இரண்டிரண்டு நிறங்களைச் சிறு டப்பாவில் வாங்கி, சுவரில் இரண்டடிச் சதுரமாய்ப் பூசி, காலை வெயிலிலும் இரவு விளக்கொளியிலும் மூன்று நாள் பாருங்கள். பெரும்பாலும் மூன்றாம் நாளில் ஒருவர் தாமாகவே விட்டுக்கொடுத்துவிடுவார்.

பரண்

இடமில்லாத வீட்டில் பரண்தான் செல்வம். ஊர்ப் பாத்திரங்கள், பழைய ட்ரங்குப் பெட்டி, சில மணி நேரம் மட்டும் வரும் குழாய்நீரைச் சேமிக்கும் தொட்டி எல்லாம் அங்கேதான். 500 லிட்டர்த் தொட்டி நிரம்பினால் அரை டன். அதைத் தாங்கும்படி அந்தப் பரண் கட்டப்பட்டதா என்று பொறியாளரிடம் கேளாமல் தொட்டியைப் பெரிதாக்காதீர்கள். தொட்டியைப் பரணின் நடுவில் வைக்காமல், தாங்கும் சுவரையொட்டி வைப்பது மேல். பரணின் அடிப்பூச்சு உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால், பட்டி பார்த்து மறைத்துவிடாமல் உடனே சுமையை இறக்குங்கள்.

வேலை செய்யும் நாட்கள்

கணவர் இரவுப்பணி முடித்து வந்த பகலில் ஏணிமேல் ஏற வேண்டாம். மேசையின்மேல் முக்காலி வைத்துக் கூரைக்கு வர்ணம் பூசுவதையும் விட்டுவிடுங்கள். ஓர் ஏணியை வாடகைக்கு எடுத்து, ஒருவர் பிடிக்க மற்றவர் ஏறுங்கள். சுவிட்ச் பலகையைச் சுற்றிப் பூசும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கையிலுள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். பழைய சுவரைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்காக வட்டிக்கு வாங்கும் நிலை வந்தால் அந்த அறையோடு நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு தொடருங்கள்.

யார் எதைத் தீர்மானிப்பது என்பதையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். சமையலறையில் மனைவியின் சொல்லே இறுதி என்று ஒப்புக்கொண்ட வீடுகளில் வேலை விரைவாய் முடிகிறது. பெரிய பிள்ளைகளுக்கும் வேலை கொடுங்கள். பழைய ஆணிகளைப் பிடுங்கவும், அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதவும், பென்சில் கோட்டை வாரந்தோறும் பார்த்துச் சொல்லவும் அவர்களால் முடியும்.

எல்லாம் முடிந்தபின் மீந்த வர்ணத்தைச் சிறு டப்பாவில் இறுக மூடி, நிற எண்ணையும் பூசிய தேதியையும் அறையின் பெயரையும் மூடிமேல் எழுதி வையுங்கள். டைல்ஸில் நான்கைந்தை அவற்றின் பெட்டி அட்டையோடு சேர்த்துப் பரணின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். மறு ஆண்டு ஒன்று உடைந்தால் அதே நிறத்தில் கடையில் கிடைப்பது அரிது; ஒரே வகையானாலும் ஒவ்வொரு முறை சுடும்போதும் நிறம் சற்று மாறிவிடுகிறது.